ஆமை புகுந்த வீடு: ஒரு பெயரும் அதன்மேல் ஏறிய பழியும்

2024 மார்ச் 3, மாலை (கேள்வி)

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்னும் பழமொழிக்கு என் மகளின் பள்ளியில் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஆமை என்பது உயிரினம் அன்று; கல்லாமை, இயலாமை, பொறாமை, முயலாமை ஆகிய ஆமைகள் புகுந்தால்தான் வீடு கெடும் என்பதே முன்னோர் கருத்து என்கிறார்கள். இது சரியா? அப்படியானால் அந்த உயிரினத்துக்கு ஆமை என்ற பெயர் ஏன் வந்தது? "ஆகாதது" என்ற பொருளில்தான் வைத்தார்களா?

மார்ச் 3, இரவு

சரியன்று. இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஓசையில் மட்டுமே ஒன்றுபோல் இருக்கின்றன.

கல்லாமை என்பதைப் பிரித்தால் கல், ஆ, மை என்று வரும். நடுவில் நிற்கும் ஆ எதிர்மறையைக் காட்டுகிறது, இறுதியில் நிற்கும் மை தொழிற்பெயர் விகுதி. பொறு, ஆ, மை சேர்ந்து பொறாமை. முயல், ஆ, மை சேர்ந்து முயலாமை. இவற்றில் "ஆமை" என்று தனியாக ஒரு சொல்லே இல்லை. இரண்டு உறுப்புகள் அடுத்தடுத்து நிற்பதால் நம் காதுக்கு அப்படிக் கேட்கிறது. உயிரினத்தின் பெயரோ அப்படிப் பிரிபடாத ஒரே பெயர்ச்சொல்.

"முயலும் வெல்லும், ஆமையும் வெல்லும், முயலாமை வெல்லாது" என்பதை நானும் ரசித்துச் சொல்வேன். அது நல்ல சொல்விளையாட்டு. ஆனால் சொல்விளையாட்டைப் பொருள் விளக்கமாக விடைத்தாளில் எழுதக் கூடாது.

மார்ச் 4, காலை

இரவில் எழுதியதற்குச் சான்று தரவில்லை என்று காலையில் உறைத்தது. சான்று இருக்கிறது, வலுவாகவே இருக்கிறது.

சங்கப் பாடல்களில் இந்த உயிரினத்தின் பெயர் யாமை. குறுந்தொகை 152ஆம் பாட்டில் கிள்ளிமங்கலங்கிழார், காதலர் கைவிட்டால் காமம் என்னவாகும் என்பதற்கு "யாமைப் பார்ப்பின் அன்ன" என்று உவமை சொல்கிறார். யாறு ஆறு ஆனதுபோல, யாடு ஆடு ஆனதுபோல, யாண்டு ஆண்டு ஆனதுபோல, யாமையும் தன் யகரத்தை இழந்து ஆமை ஆயிற்று. எதிர்மறையைக் காட்டும் ஆ என்னும் உறுப்பில் இந்த யகரம் ஒருபோதும் இருந்ததில்லை. "கல்யாமை" என்றோ "பொறியாமை" என்றோ யாரும் எழுதியதில்லை. இரண்டும் ஒரே சொல்லாக இருந்திருந்தால் ஒன்றில் மட்டும் யகரம் நிற்க வழியில்லை.

உறவு மொழிகளையும் பார்க்கலாம். கன்னடத்தில் இது ஆமெ, மலையாளத்தில் ஆம, தெலுங்கில் தாபேலு. மலையாளம் இந்த இடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகிறது. நாம் இல்லாமை என்பதை அவர்கள் இல்லாய்ம என்கிறார்கள்; குறைபாட்டுக்குப் போராய்ம என்கிறார்கள். விலங்கு ஆம, எதிர்மறை ஆய்ம. இரண்டும் அங்கே தெளிவாகப் பிரிந்து நிற்பதால், தமிழில் நாம் செய்யும் இந்தக் குழப்பத்தைச் செய்ய மலையாளிக்கு வழியே இல்லை.

ஆகவே "ஆகாதது" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள் என்பதற்கும் இடமில்லை. ஆகாதது என்ற பொருளுக்கு ஆகாமை என்ற சொல் தனியே இருக்கிறது.

மார்ச் 4, இரவு

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த விளக்கத்தை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். ஆமை என்று முடியும் குணங்களே வீட்டைக் கெடுப்பவை என்று வைத்துக்கொள்வோம். இப்போது திருக்குறளின் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள். கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, வெஃகாமை, புறங்கூறாமை, இன்னா செய்யாமை, கள்ளுண்ணாமை, பிறனில் விழையாமை. இவை புகுந்த வீடா உருப்படாது? விரல்விட்டு எண்ணினேன்: 133 அதிகாரங்களில் 18 இவ்வாறு ஆமையில் முடிகின்றன. அவற்றுள் கல்லாமை ஒன்றே நேரடியான குறை. பிரிவாற்றாமை துயரத்தின் பெயர், நிலையாமை உலக இயல்பின் பெயர். மற்றவை அனைத்தும் ஒரு வீட்டில் இருந்தே ஆகவேண்டியவை.

பொறாமை என்ற சொல் வருவதற்கு வாய்ப்பிருந்த இடத்தில் அழுக்காறாமை என்ற அதிகாரம் இருக்கிறது. அதன் பொருள் பொறாமை கொள்ளாதிருத்தல். ஆமையில் முடியும் ஒரு சொல் நோய், ஆமையிலேயே முடியும் இன்னொரு சொல் அந்த நோய்க்கு மருந்து.

உண்மையான ஆமையும் குறளில் வருகிறது, அடக்கமுடைமையில், 126ஆம் குறளாக. "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்." நான்கு கால், ஒரு தலை, ஐந்தையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் விலங்கை ஐம்புலனடக்கத்துக்கு முன்மாதிரியாக வள்ளுவர் காட்டுகிறார். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயமும் 58ஆம் சுலோகத்தில் இதே உவமையைச் சொல்கிறது.

மார்ச் 5

திருத்தம்: 18 அன்று, 19. அவையஞ்சாமையை விட்டுவிட்டேன். இரண்டுமுறை சரிபார்த்தேன். குறை ஒன்று, துயரம் ஒன்று, இயல்பு ஒன்று போக, வேண்டியவை 16.

மார்ச் 7

இன்னொரு திருத்தம், இது சற்றுப் பெரியது. சங்கப் பாடல்களில் பெயர் யாமை என்று நான்காம் தேதி பொதுவாக எழுதிவிட்டேன். அங்கே இரண்டு வடிவங்களும் வருகின்றன. பட்டினப்பாலையில் "வயலாமைப் புழுக்கு" இருக்கிறது. வேகவைத்த ஆமைக் கறி. அங்கே யகரம் இல்லை. ஆக மாற்றம் அந்தக் காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது என்று சொல்வதே முறை. யாமை என்ற வடிவம் சான்றாக நிற்பதால் என் வாதம் குலையவில்லை.

இதைத் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டு அன்று முழுவதும் மனத்தைவிட்டுப் போகவில்லை. புறநானூறு 70இல் கோவூர்கிழார் கிணைப்பறையைச் சொல்லும்போது, குளத்து ஆமையைக் கம்பியில் கோத்தாற்போன்றது என்கிறார்: "கயத்துவாழ் யாமை காழ்கோத் தன்ன." 387ஆம் பாட்டில் குண்டுகட் பாலியாதனார் அதே கிணையைச் சொல்கையில் "வள்ளுகிர வயலாமை வெள்ளகடு கண்டன்ன" என்கிறார். கூரிய நகமுடைய வயலாமையைப் புரட்டிப் போட்டால் தெரியும் வெள்ளை வயிறுபோல, புதுத்தோல் இழுத்துக் கட்டிய பறைமுகம். ஒரே பறை, ஒரே விலங்கு. ஒரு பாட்டில் யாமை, மற்றொன்றில் ஆமை.

அந்த வெள்ளை வயிற்றை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தனியாக எழுதவேண்டும்.

மார்ச் 10

1987ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குள் ஓர் ஆமை வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மூன்று நாள் விடாத மழையில் பின்கட்டு வாசல்படிவரை தண்ணீர் ஏறியிருந்தது. விடியற்காலையில் அம்மிக்கும் சுவருக்கும் இடையில் அது இருந்தது. நான் முதலில் கவிழ்ந்து கிடக்கும் சட்டி என்று நினைத்துத் தூக்கினேன்.

கையில் பட்டது ஓடுபோல் இல்லை. மேலே தோல் போர்த்தியதுபோல் வழுவழுப்பாக இருந்தது, விளிம்பு வளைந்து கொடுத்தது. தலையையும் கால்களையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டது. புரட்டிப் பார்த்தேன். வயிறு பால் ஏடுபோல் வெளுத்திருந்தது. பின்னங்கால்கள் உள்ளே போன இடத்தில் இரண்டு தோல்மடிப்புகள், கதவைச் சாத்துவதுபோல் மூடிக்கொண்டன. சிறிது நேரம் அசையாமல் பிடித்திருந்தால், மூக்கு மட்டும் குழாய்போல் மெல்ல வெளியே நீண்டு வந்து, காற்றை முகர்ந்து, மறுபடி உள்ளே போனது. அதன் பெயர் பாலாமை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓட்டோடு கறுத்துக் கெட்டியாக இருப்பது காராமை. இரண்டும் நன்னீரில் வாழ்பவை. தண்ணீர் பெருகினாலும் வற்றினாலும் இடம் தேடி நிலத்தில் நடப்பவை. மழை நாளில் ஏரிக்கரை வீட்டுக்குள் வந்ததற்கு அதற்குமேல் காரணம் தேடவேண்டியதில்லை.

பாட்டி அதைப் பார்த்ததும் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பழமொழியை அவர் வாயால் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். சித்தப்பா ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். ஏரியில் விட்டால் அது திரும்பி வந்துவிடும் என்று பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. நெடுஞ்சாலைக்கு அப்பால், தண்ணீரே இல்லாத மேட்டுக்காட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். சாக்கு சைக்கிள் கேரியரில் அசைந்துகொண்டே போனது. பாலாமையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

இந்தச் சொல்லைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று நேற்று ஒருவர் கேட்டார். இதுதான் காரணம்.

மார்ச் 11

"ஆம்பி பூத்த வீடு" என்பதுதான் திரிந்து "ஆமை புகுந்த வீடு" ஆயிற்று என்னும் விளக்கத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். ஆம்பி என்பது காளான். கல்லாமை விளக்கத்தைவிட இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு மெய்யான காட்சி இருக்கிறது. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம், சமைப்பதையே மறந்துபோன தன் வீட்டு அடுப்பில் "ஆம்பி பூப்ப" என்கிறார். அடுப்பில் காளான் பூத்த வீடு உருப்படாத வீடுதான். அதற்கு மேல் வறுமையைச் சொல்லமுடியாது.

ஆனால் காட்சி பொருந்துவதாலேயே சொல் திரிந்ததாக ஆகிவிடாது. "ஆம்பி பூத்த வீடு உருப்படாது" என்று ஒரு பழமொழியாகவே எங்கும் நான் படித்ததில்லை. பூத்த என்பது புகுந்த ஆகவேண்டும், ஆம்பி என்பது ஆமை ஆகவேண்டும். ஒரே தொடரில் இரண்டு சொற்களும் சேர்ந்து திரியவேண்டும். பழமொழியில் இருக்கும் ஆமை ஆமைதான் என்று எடுத்துக்கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. முன்னோர் சொன்ன ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அவர்கள் வேறொன்றைச் சொன்னதாக மாற்றவேண்டாம்.

மார்ச் 13

பழமொழியின் மற்ற பாதியை யாரும் கேட்கவில்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த முழு வடிவம். அமீனா என்பவர் நீதிமன்ற ஆணையோடு வந்து பொருள்களை ஜப்தி செய்யும் ஊழியர். நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்படும் அமீன் என்னும் அரபுச் சொல் நீதிமன்ற வழக்காகித் தமிழில் அமீனா ஆயிற்று. ஆகவே இந்த இரண்டாம் பாதி அமீனாக்கள் வீடு வீடாக வந்த காலத்துக்கு முந்தியதாக இருக்கமுடியாது. ஆ, அ என்ற ஓசைப் பொருத்தம்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டுமே வந்தன. ஆமை வந்தது 1987இல், அமீனா வந்தது 1989இல். சமையல் பாத்திரங்களையும் படுக்கைகளையும் தொடக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்வதால் அவற்றை விட்டுவிட்டு, பீரோ, சுவர்க் கடிகாரம், வானொலிப் பெட்டி, அப்பாவின் மிதிவண்டி ஆகியவற்றைப் பட்டியலில் எழுதினார்கள். பாட்டி அம்மிப் பக்கம் கையைக் காட்டி, "அன்னைக்கே சொன்னேனே" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதையில் ஆமைதான் காரணம்.

அப்பா இறந்தபிறகு அவருடைய தகரப் பெட்டியில் வழக்குக் கட்டைப் படித்தேன். நண்பர் ஒருவருடைய கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்ட தேதி 1986 ஆகஸ்டு. ஆமை வருவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பே வீடு போயிருந்தது. பாட்டி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் அந்தத் தாளை அவரிடம் காட்டியிருப்பேனா என்று தெரியவில்லை; மகனைக் குறைசொல்வதைவிட ஆமையைக் குறைசொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 16

பெயரின் பயன்பாட்டுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் நிலத்தில் வாழ்வதற்கு ஒரு பெயர், நீரில் வாழ்வதற்கு வேறொரு பெயர் இருக்கிறதே, தமிழில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் அடிப்பெயர் ஒன்று. முன்னால் ஒட்டும் அடைமொழிதான் பிரித்துக் காட்டுகிறது. நிலத்தாமை, வயலாமை, கடலாமை. இது குறைபாடு அன்று. மொழிபெயர்ப்பவர்கள் அடைமொழியை விட்டுவிடும்போதுதான் குழப்பம் வருகிறது; கடலில் நீந்துவதையும் மலைக்காட்டில் நடப்பதையும் வெறும் ஆமை என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது.

கடற்கரை மக்களிடம் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். பங்குனியை ஒட்டிக் கரையேறி முட்டையிடுவது பங்குனி ஆமை. பெரியது பேராமை. முதுகில் ஏழு வரி ஓடுவது ஏழுவரி ஆமை. ஓட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று செதிலாகப் படிந்திருப்பது அழுங்காமை. அழுங்கு என்பது எறும்புத்தின்னியின் பெயர், அதன் செதிலைப் பார்த்து வைத்த பெயர் என்றே நான் கொள்கிறேன். பருவம், பருமன், வரி, செதில் என்று ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்திருக்கிறது.

முட்டையிடுவதை அகநானூறு 160 போல அருகில் இருந்து பார்த்த பாட்டு அரிது. நிறைசூல் ஆமை அடும்பங்கொடி சிதையும்படி வெண்மணல் மேட்டில் ஏறி, மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை யானைத் தந்தத்தால் செய்த வட்டுப்போல் உருண்டு, புலால் நாறுகிறது. நிறம், வடிவம், நாற்றம், மேலே படரும் கொடி எல்லாம் அப்படியே உண்மை.

மார்ச் 17

"எல்லாம் அப்படியே உண்மை" என்று எழுதியது தவறு. குஞ்சு பொரியும்வரை "பகுவாய்க் கணவன்" முட்டைகளைக் காப்பதாக அதே பாட்டு சொல்கிறது. ஆண் கடலாமை முட்டை காக்கக் கரைக்கு வருவதில்லை. பெண்ணும் புதைத்த இரவே கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ ஐம்பது நாள் மணற்சூட்டில் கிடந்து, குஞ்சுகள் தாமாகவே மேலே ஏறிக் கடலை நோக்கிப் போகின்றன. ஐங்குறுநூறு 44 சொல்வதுபோல் ஆமைப் பார்ப்பு தாய்முகம் நோக்கி வளர்வதும் இல்லை. அந்தப் பாட்டு தலைவனின் மார்பைப் பற்றியது, அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் உயிரியல் வேறு.

பார்ப்பு என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும், தவழ்பவைக்கும் அவையே என்பது தொல்காப்பிய மரபியல். ஆமைக்குட்டி என்று எழுதுவதைத் தவறு என்று நான் திருத்தமாட்டேன். ஆமைக்குஞ்சு என்றே எழுதுவேன்.

மார்ச் 20

வடிவத்தால் பெயர் பெற்றவை: ஆமைவடை, ஆமைப்பூட்டு. முன்னது நடுவில் மேடாகவும் விளிம்பில் மெலிந்தும் இருக்கும், உளுந்து வடைபோல் துளை இருக்காது. பின்னது தொங்குபூட்டு; வாயை இறுக மூடிக்கொள்ளும் அந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பெயர்களில் எங்குமே கெட்ட சகுனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விடியற்காலையில் ஆமைப்பூட்டைத் திறந்து கடையைத் தொடங்கியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சவில்லை.

ஆமை வேகம் என்னும் வழக்கு நிலத்தில் நடப்பதை மட்டும் பார்த்து வந்தது. பாலாமையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மார்ச் 24

பழைய அகராதிகளில் கமடம், கூர்மம், கச்சபம் என்ற பெயர்களும் இருக்கின்றன. மூன்றும் வடமொழி வழி வந்தவை. காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயிலின் பெயரில் இருப்பது அந்தக் கச்சபம்தான்; திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்ட இடம் என்பது தலபுராணம். உறுப்படக்கி என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. அதை யாரும் இப்போது பயன்படுத்துவதில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

இன்றைக்கு வெண்கல ஆமையை வாங்கித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் செல்வம் வரும் என்கிறார்கள். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டத்துக்காக உயிரோடு வாங்கி மறைத்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2019இல் பன்னாட்டு வணிகத் தடையின் முதல் பட்டியலிலும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அது சேர்ந்தபின்னும் கடத்தல் நிற்கவில்லை. ஒரு வீட்டில் கேடு என்று துரத்துகிறார்கள், இன்னொரு வீட்டில் பேறு என்று அடைக்கிறார்கள்.

ஏப்ரல் 2

கேட்டவருடைய மகளின் ஆசிரியரைப் பற்றி முதல் நாள் நான் எழுதிய தொனியை மறுபடி படித்தேன். கல்லாமை விளக்கத்தைச் சொல்பவர்களின் நோக்கம் பெரும்பாலும் நல்லதே. விலங்கின்மேல் இருக்கும் பழியை எடுத்துக் குணங்களின்மேல் வைக்க நினைக்கிறார்கள். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழியைத் துடைக்கப் பொய்யான சொற்பிறப்பு தேவையில்லை. பழமொழி ஓர் அச்சத்தைச் சொல்கிறது, அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று மாணவர்களிடம் நேராகவே சொல்லலாம். ஒன்பது வயதில் எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

ஏப்ரல் 9

கடைசியாக ஒரு திருத்தம். மார்ச் 10ஆம் தேதிக் குறிப்பை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மேட்டுக்காட்டில் விடச் சொன்னது உண்மை, ஆனால் விட்டது அங்கே இல்லை என்றார். சைக்கிளின் பின்னால் ஓடிப் போனவர் அவர். சித்தப்பா கலுங்குவரை போய், சாக்கை அவிழ்த்து, தண்ணீரோரம் சாய்த்துப் பிடித்திருக்கிறார். அது வெகுநேரம் வெளியே வரவில்லையாம். பிறகு மூக்கு நீண்டதாம், கழுத்து நீண்டதாம், அடுத்த கணம் தண்ணீரில் வளையம் மட்டும்தான் இருந்ததாம். பாட்டி கேட்டால் நெடுஞ்சாலைக்கு அப்பால் விட்டோம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. அண்ணன் முப்பத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடமும்.